பட்டியலில் இல்லாத பழுது

அவரைக் காது என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். சம்பளப் பட்டியலில் வேறு பெயர் இருக்கும். அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்ப்பாரா என்பது சந்தேகம். ஏழு மாடி அலுவலகக் கட்டடம், நான்கு லிஃப்ட், அவற்றுக்கு இப்போது ஒரே மெக்கானிக், வேலைக்கு வந்து இருபத்தாறு வருடம். லிஃப்ட் ஓடும்போது கதவோரம் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். எங்கே எண்ணெய் வற்றியிருக்கிறது, எந்தக் கம்பி தளர்ந்திருக்கிறது என்று கேட்டே சொல்லிவிடுவார். அதனால் காது. இத்தனைக்கும் வீட்டில் தான் கூப்பிட்டால் மூன்றாவது தடவைதான் கேட்கும் என்று அவர் மனைவி என்னிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

நான் யார் என்றும் சொல்லிவிடுகிறேன். தலைமை அலுவலகத்தில் விசாரணை நடக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து, பேசுவதையெல்லாம் கணினியில் தட்டுகிற எழுத்தர். பதினெட்டு வருடமாக மற்றவர்கள் சொன்னதைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். நானாக எழுதுவது இதுதான் முதல் தடவை. கோபத்தில் எழுதுகிறேன். அங்கங்கே சூடு தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

விபத்து நடந்தது காதின் கட்டடத்தில், மூன்றாம் லிஃப்ட்டில். கோப்புக் கட்டுகளை மாடி மாடியாகக் கொண்டுபோகிற ஒரு பெண்மணி ஐந்தாம் மாடியில் வெளியே காலை வைத்தார். லிஃப்ட் தரைமட்டத்துக்குச் சரியாகத்தான் நின்றிருந்தது. ஒரு கால் வெளியே, ஒரு கால் உள்ளே இருக்கும்போது அப்படியே ஒரு முழம் கீழே இறங்கிவிட்டது. முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் எலும்பு முறிவு. பிரேக் தேய்ந்து தகடாகிக் கிடந்தது பிறகுதான் தெரிந்தது.

பிறகுதான் தெரிந்தது என்று சொல்வது பொய். நான்கு நாள் முன்பே பதிவேட்டில் காது எழுதியிருந்தார். பெரிய பெரிய எழுத்தில், ஒவ்வோர் எழுத்தையும் தனியாக நிற்கவைத்து எழுதுகிற கையெழுத்து. "மூன்றாம் லிஃப்ட் சொதுக்குது." அவ்வளவுதான். அதற்குக் கீழே மேற்பார்வையாளர் கையெழுத்துப் போட்டிருந்தார். லிஃப்ட்டை நிறுத்தும் அதிகாரமும், மெயின் சுவிட்ச் இருக்கும் அறையின் சாவியும் மேற்பார்வையாளரிடம்தான். காதுக்கு எழுத மட்டும்தான் உரிமை.

விசாரணை அதிகாரி நல்ல மனிதர். மேசையில் மூன்று பேனாவை வரிசையாக வைத்துக்கொண்டு, எதையும் இரண்டு தடவை கேட்பார். முதல் நாள் மேற்பார்வையாளரைக் கேட்டார்.

"கையெழுத்துப் போட்டிருக்கீங்க. அப்புறம் ஏன் லிஃப்ட்டை நிறுத்தல?"

"அவர் எழுதினது என்னன்னே புரியல சார். பழுதுப் பட்டியல்ல முப்பத்திரண்டு பழுது இருக்கு. அதுல இது இல்ல. ஏதோ சின்ன விஷயம், கையோட சரிபண்ணிட்டாரு போலன்னு நெனச்சுக் கையெழுத்துப் போட்டேன்."

சொல்லிவிட்டுப் பையிலிருந்து ஒரு அகராதியை எடுத்து மேசைமேல் வைத்தார். மகள் பள்ளியில் படித்த காலத்து அகராதி. முதல் பக்கத்தில் ஸ்டிக்கர்கூட இருந்தது. "இதுலயும் தேடிட்டேன் சார். அப்படி ஒரு சொல்லே கிடையாது."

அதிகாரி அதோடு விடவில்லை. நூலகத்திலிருந்து தலையணை மொத்தத்துக்கு ஒரு அகராதி வரவழைத்தார். அதிலும் இல்லை. என் கணினிக்கோ அந்தச் சொல்லைக் கண்டாலே ஆகவில்லை. நான் தட்டும்போதெல்லாம் அடியில் சிவப்புக் கோடு போட்டது. எனக்கு எரிச்சலாக வந்தது. எங்கள் வீட்டில் சீப்பில் சிக்கிக்கொண்டு வருகிற முடிச்சுருளுக்கு ஒரு பெயர் உண்டு. எந்தப் புத்தகத்திலும் இருக்காது. அதற்காக அந்த முடி என் சீப்பில் இல்லாமல் போய்விடுமா?

அடுத்து காதைக் கூப்பிட்டார்கள். வாயில் விரலை வைத்தால்கூடக் கடிக்கத் தெரியாது என்பார்களே, அந்த மாதிரி முகம். நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"பட்டியல்ல 'தளமட்டப் பிசகு'ன்னு ஒண்ணு இருக்கே, அதை எழுதியிருக்கலாமே?"

"அது வேற சார். அது நிக்கும்போதே மேல கீழ நிக்கிறது. பார்த்தாலே தெரிஞ்சிடும், ஜனங்க பார்த்துக் கால் வைப்பாங்க. இது மட்டமாத்தான் நிக்கும், ஒரு குறையும் தெரியாது. ஆள் கால் வச்சதும் ஒரு விரக்கடை உள்ள போகும். சேத்துல மிதிச்சா எப்படி இருக்கும், அந்த மாதிரி. பிரேக் போகப்போகுதுன்னு அர்த்தம். நிறுத்திட்டுப் பிரிச்சுப் பார்க்கணும்."

"இதை அப்படியே எழுதியிருக்கலாமே?"

காது கொஞ்சம் யோசித்தார். "அதான் எழுதினேன் சார்" என்றார்.

அதிகாரி சிரிக்கவில்லை. பேனாவை நகர்த்தி வைத்தார். "அகராதியில இல்லன்னா போகட்டும். நான் கேக்கிறது ஒண்ணுதான். உங்களைத் தவிர இன்னொருத்தர் வாயில அந்தச் சொல் வந்திருக்கா? ஒருத்தர் மட்டும் சொன்னா அது சத்தம். ரெண்டு பேர் சொன்னா அது சொல்லு. இன்னொருத்தருக்கும் தெரியும்னா, நீங்க எச்சரிக்கை பண்ணிட்டீங்க, அவருதான் கேக்கலன்னு ஆகும். உங்களுக்கு மட்டும்தான் தெரியும்னா, நீங்க எச்சரிக்கையே பண்ணலன்னு ஆகும். உங்க மெக்கானிக் உரிமம் போயிடும். யோசிச்சுச் சொல்லுங்க."

காது மேற்பார்வையாளரைப் பார்த்தார். மேற்பார்வையாளர் தன் அகராதியின் அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நாளைக்குச் சொல்றேன் சார்" என்றார் காது. அன்று அதோடு முடிந்தது. அவர் லிஃப்ட் பக்கம் போகாமல் படியில் இறங்கிப் போனதைக் கவனித்தேன். விசாரணை அறை நான்காம் மாடியில். காலையிலும் படியேறித்தான் வந்திருந்தார். மனசு சரியில்லாதவன் நடப்பான் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போது எனக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. அந்த மேற்பார்வையாளர் காதின் அக்கா வீட்டுக்காரர். இருவர் குடும்பமும் ஒரே வீடு. மேல்மாடியில் அக்கா, கீழே தம்பி. ஒரு படிக்கட்டு, ஒரு தண்ணீர் மோட்டார். காதுக்கு இந்த வேலையை வாங்கிக்கொடுத்ததே மாமாதான்.

இன்னொன்றும் உண்டு. அந்தச் சொல்லே மாமாவுடையதுதான். பல வருடம் முன்பு மாமாவும் மெக்கானிக்காக இருந்தபோது, லிஃப்ட் குழியில் மழைத்தண்ணீர் தேங்கி ஒரே சகதி. இறங்கியவர் முழங்கால்வரை புதைந்து, செருப்பைப் பறிகொடுத்துவிட்டு வந்தார். அடுத்த வாரமே நான்காம் லிஃப்ட்டில் கால் வைத்தவர், "மாப்ள, இதுவும் சொதுக்குதுடா!" என்று கத்தியிருக்கிறார். அன்றிலிருந்து அது வேலைச் சொல். இருவரில் யார் சொன்னாலும் மற்றவர் மறுபேச்சு இல்லாமல் சுவிட்சை அணைத்துவிடுவார். அப்படி அவர்கள் எத்தனையோ தடவை நிறுத்தியிருக்கிறார்கள், யாருக்கும் ஒரு கீறல் விழுந்ததில்லை. மேற்பார்வையாளர் ஆன பிறகும் மாமா அந்த வழக்கத்தை விடவில்லை. அந்த ஒரு வாரம்தான் விட்டார். மேலிடத்திலிருந்து பெரியவர்கள் கட்டடத்தைப் பார்க்க வருவதாக இருந்தது. ஒரு லிஃப்ட் நின்று கிடந்தால் அசிங்கம் என்று, "நாலு நாள் ஓடட்டும் மாப்ள, அவங்க போனதும் பிரிச்சிடலாம்" என்றார்.

சொல் வீட்டுக்குள்ளும் வந்திருந்தது. ஸ்பிரிங் போன சோபா சொதுக்கும். மாடிப்படியின் ஆறாவது பலகை சொதுக்கும். மாமா பிள்ளைகளிடம் சுற்றுலா கூட்டிப்போகிறேன் என்று சொன்னால், "அப்பா வாக்கு சொதுக்கும், கால் வச்சிடாதே" என்று ஒருவருக்கொருவர் சொல்லிச் சிரிப்பார்களாம். மாமாவும் கூடச் சேர்ந்து சிரிப்பாராம்.

விசாரணையின் முதல் நாள் சாயங்காலம் அக்கா கீழே இறங்கி வந்தார். சமையலறை வாசலில் தரையில் உட்கார்ந்தார். காதின் மனைவி பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார்.

"தம்பி, உங்க மாமா ரிட்டயராக இன்னும் ரெண்டே வருஷம்டா. இப்ப பேர் கெட்டுப்போய் வெளிய வந்தா அந்த மனுஷன் தாங்கமாட்டாரு."

காது ஒரு மணையை எடுத்து அக்கா பக்கம் நகர்த்தினார்.

"நீ என்ன பொய்யா சொல்லப்போறே? புத்தகத்துல இல்லாத சொல்லுதானே. இல்லன்னு சொல்றதுல என்ன பாவம்?"

"அக்கா, என் உரிமம் போயிடும்."

"உனக்குக் கையில தொழில் இருக்கு. எங்கயாவது பொழச்சுக்குவே. அவரு மேல கேஸு போட்டா ஜெயிலுன்னு சொல்றாங்கடா. நேத்து ராத்திரியிலேருந்து ஒரு வாய் சாப்பிடல. எனக்கு நெஞ்சே சொதுக்குதுடா தம்பி."

காதின் மனைவி துலக்குவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். காதும் நிமிர்ந்து பார்த்தார். தான் என்ன சொன்னோம் என்று அக்காவுக்குத் தெரியவே இல்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சொல்லிடுவே இல்ல?" என்று கேட்டார். காது தலையை ஆட்டினார். அக்கா மேலே போன பிறகு மனைவி ஒன்றே ஒன்றுதான் கேட்டாராம்: "லிஃப்ட்டை விட்டா உங்களுக்கு வேற என்னங்க தெரியும்?"

மறுநாள் மறுபடியும் படியேறி வந்தார். சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதிகாரி அதே கேள்வியைக் கேட்டார்.

"இல்ல சார்" என்றார் காது. "அப்படி ஒரு சொல் கிடையாது. அன்னைக்கு ஏதோ தோணுச்சு, எழுதிட்டேன். மேற்பார்வையாளருக்கு அது தெரியாது. வேற யாருக்கும் தெரியாது."

"நிச்சயமா?"

"நிச்சயமா சார்."

நான் தட்டினேன். கணினி சிவப்புக் கோடு போட்டது. அச்செடுத்துக் கொடுத்தேன். படிக்காமலே கையெழுத்துப் போட்டார். பதினெட்டு வருடத்தில் எத்தனையோ பேர் என் மேசையில் பொய் சொல்லியிருக்கிறார்கள். மற்றவனை மாட்டிவிடச் சொன்ன பொய், தான் தப்பிக்கச் சொன்ன பொய். தன் கழுத்தில் தானே கயிறு மாட்டிக்கொள்கிற பொய்யை அன்றுதான் பார்த்தேன். பொய் என்பது முகத்திலேயே எழுதி ஒட்டியிருந்தது. அதிகாரிக்கும் தெரிந்திருக்கும். ஆனால் முகத்தில் எழுதியிருப்பதைக் கோப்பில் சேர்க்க வழியில்லையே.

அதிகாரி, மேற்பார்வையாளர், காது, நான் என்று நால்வரும் ஒன்றாக வெளியே வந்தோம். அதிகாரி லிஃப்ட் பொத்தானை அழுத்தினார். காது படிப்பக்கம் திரும்பினார்.

"எங்க போறீங்க? வாங்க, சேர்ந்தே இறங்கலாம்."

"நான் படியில வர்றேன் சார்."

"நாலு மாடி! ரெண்டு நாளா பார்க்கிறேன். முட்டி என்னத்துக்கு ஆகும்? வாங்க."

"சார், இந்த லிஃப்ட்டு…"

"லிஃப்ட்டுக்கு என்ன?"

காதின் வாய் திறந்தது. சொல்வதற்கு அவரிடம் இருந்தது ஒரே ஒரு சொல். அது கிடையாது என்று பத்து நிமிடம் முன்பு எழுதிக் கொடுத்திருந்தார். கையெழுத்து மை காயாத தாள் என் கையிலிருந்த கோப்பில் இருந்தது. "ஒண்ணுமில்ல சார்" என்று மென்று முழுங்கிவிட்டு உள்ளே வந்தார். வந்தவர் அதிகாரியை ஒட்டி நின்றார். எனக்கு அது கொஞ்சம் அதிகப்படியாகக்கூடத் தோன்றியது.

அதிகாரி இரண்டாம் மாடியில் இறங்கி ஒரு சாவியைக் கொடுத்துவிட்டுப் போகவேண்டியிருந்தது. லிஃப்ட் நின்றது, கதவு திறந்தது. தரையும் லிஃப்ட்டும் கோடு போட்டாற்போல ஒன்றாக இருந்தன. அதிகாரி காலைத் தூக்கி வெளியே வைத்தார். என் பாதத்துக்குக் கீழே ஏதோ மெத்தென்று அமுங்கியது.

"சார்! சொதுக்குது! காலை எடுங்க!"

கத்தியது காது இல்லை. மாமா.

அதிகாரி என்ன ஏது என்று கேட்கவில்லை. காலை வெடுக்கென்று உள்ளே இழுத்துக்கொண்டார். அதே நேரம் காதின் கை அவர் இடுப்பு பெல்ட்டைப் பிடித்துப் பின்னால் இழுத்தது. லிஃப்ட் ஓர் ஆள் உயரத்துக்கு இறங்கி, ஒரு உலுக்கு உலுக்கி நின்றது. கதவுக்கு வெளியே வெறும் சிமெண்ட் சுவர். தலைக்கு மேலே, இரண்டாம் மாடியின் தரையை ஒட்டி, ஒரு கை அகலத்துக்கு இடைவெளி தெரிந்தது.

மின்விசிறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. மாமா சுவரில் சரிந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அகராதி இருந்த பையை மார்போடு அணைத்துக்கொண்டிருந்தார்.

அதிகாரி காதிடம் திரும்பினார். "உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"நேத்துக் காலையில ஒரு மாடி ஏறினதுமே தெரியும் சார். இறங்கிட்டேன்."

"ஏன் சொல்லல?"

"எதைச் சொல்லிச் சொல்றது சார்?"

காது சட்டென்று கைகூப்பினார். "சார், இங்க பேசினது விசாரணையில வராது இல்ல சார்? பயத்துல ஏதோ வாய்க்கு வந்தது. மேடம் எழுதிக்கலையே?" என்றார். என்னைப் பார்த்தார். நான் எங்கே எழுதுவது? நால்வர் நிற்கிற இடத்தில், அசைந்தால் என்ன ஆகுமோ என்று மூச்சைக்கூடப் பார்த்துப் பார்த்து விட்டுக்கொண்டிருந்தோம். மாமா தலையை நிமிர்த்தவே இல்லை.

அரை மணி நேரம் கழித்து மேலே காலடிச் சத்தம் கேட்டது. எங்கள் தலைமை அலுவலகக் கட்டடத்து மெக்கானிக். அந்த இடைவெளியில் குனிந்து, "என்ன சார் ஆச்சு? ஆடிச்சா, மாட்டிக்கிச்சா?" என்று கேட்டார்.

அதிகாரி தலையைத் தூக்கி, முழுத் தொண்டையில் சொன்னார்: "சொதுக்கிருச்சுப்பா!"

"சொதுக்கிருச்சா? அப்ப யாரும் அசையாதீங்க, பிரேக்கா இருக்கும். மேல போய்ப் பார்த்துட்டு வர்றேன்!"

பிறந்ததிலிருந்து தெரிந்த சொல் மாதிரி திருப்பிச் சொல்லிவிட்டு அவர் ஓடினார். அதிகாரிக்குத் தான் சொன்னது அப்போதுதான் உறைத்தது. முகம் கறுத்துப்போயிற்று. என் கையிலிருந்த கோப்பைப் பார்த்தார். பிறகு தரையில் உட்கார்ந்திருந்த மனிதரைப் பார்த்தார். காது சுவர்ப்பக்கம் திரும்பி நின்று அழுதார். உரிமம் தப்பியது என்று அழுதாரா, மாமா மாட்டிக்கொண்டார் என்று அழுதாரா என்று கேட்க யாருக்கு மனசு வரும்?

மறுநாள் அதிகாரி விசாரணையை மறுபடி திறந்தார். மாமாவிடம் ஒரே கேள்வி. மாமா அகராதியைக் கொண்டுவரவில்லை. "என் வாயிலேருந்து வந்ததுதான் சார், ஆரம்பத்துலயும்" என்றார். ஜெயில் இல்லை, ஆனால் வேலை போயிற்று. காது ஏன் பொய் சொன்னார் என்று அதிகாரி கேட்கவே இல்லை. காதின் உரிமம் அவரிடமே இருக்கிறது. எங்கள் கட்டடத்து லிஃப்ட்டையும் அவர் பொறுப்பிலேயே விட்டுவிட்டார்கள். அதனால்தான் தினமும் பார்க்கிறேன். அதனால்தான் இத்தனையும் எனக்குத் தெரியும். பழுதுப் பட்டியலில் முப்பத்துமூன்றாவதாக அந்தச் சொல்லை அச்சடித்துச் சேர்த்திருக்கிறார்கள். காது மட்டும் அதைச் சொல்வதில்லை. விரலால் அந்த வரியைத் தொட்டுக் காட்டுகிறார்.

அக்கா பேச்சை நிறுத்தி ஏழு மாதம் ஆகிறது. வீடு அதே வீடு, படிக்கட்டு அதே படிக்கட்டு. தம்பி தலை தெரிந்தால் அக்கா பாதிப் படியில் திரும்பி ஏறிவிடுகிறார். வேறு வீடு பார்க்கலாமே என்று கேட்டேன். அக்காவை விட்டுவிட்டு எங்கே போவது என்றார்.

போன வாரம் மதியம் என் மேசைக்கு எதிரே வந்து உட்கார்ந்தார்.

"மேல அக்கா நடக்கிறது எனக்குக் கேக்கும் மேடம். வலது கால் முட்டி நல்லா தேஞ்சுபோச்சு. ஊனி வைக்கும்போது ஒரு சத்தம் வருது. இப்பவே டாக்டர்கிட்ட காட்டினா சரிபண்ணிடலாம். விட்டா ஒருநாள் படியில விழுந்துடும்."

"போய்ச் சொல்லுங்களேன்" என்றேன்.

அவர் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்படிம்மா சொல்றது?" என்றார்.